குளக்கட்டும் துவிச்சக்கர வண்டியும்

(சங்கத்தின் ஆண்டு விழாக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



இன்று பேசுவதற்கு எனக்குத் தரப்பட்ட பொருள் ‘இளைஞரும் ஓய்வு நேரமும்’ என்பது. மிகப் பரந்த பொருள். பரந்த பொருளை எடுத்துக்கொண்டவர்கள் பெரும்பாலும் பொதுவான புத்திமதி கூறி முடிப்பார்கள். கேட்போர் நேரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஆகையால் அப்பொருளில் ஒரு சிறு துண்டை மாத்திரம் எடுத்துக்கொள்கிறேன். நமது குளங்களின் கட்டுகள் மீது கிறவல் பாதைகள் உண்டு. அவற்றிலே லொறியும் டிப்பரும் ஓடாமல், நடப்போரும் துவிச்சக்கர வண்டியில் செல்வோரும் மாத்திரம் போய்வர வேண்டும் என்பதே நான் சொல்ல வந்தது. இதனால் இளைஞருக்கு நன்மை உண்டு. அதனினும் மேலான நன்மை குளத்துக்கு உண்டு.

கிராமத்திற் பிறந்தவர்களுக்குக் குளக்கட்டு இன்னதென்று விளக்க வேண்டியதில்லை. நகரத்துப் பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். ஓடிவரும் நீரைத் தாழ்ந்த பக்கத்திலே மண்ணைக் குவித்து மறித்தால் அது கட்டு. நீர்ப்பக்கத்துச் சரிவில், அலை அரித்துவிடாதபடி கற்களை அடுக்கியிருப்பார்கள். வயலுக்கு நீர் விடுவதற்குத் துருசு. மிஞ்சிய நீர் தானே வழிந்தோடுவதற்கு வான். கட்டுக்கு எதிர்ப்புறத்தில் நிலம் மெல்ல மெல்ல உயர்ந்து போகும். அங்கே நீர் ஏறியும் இறங்கியும் நிற்கின்ற கரையை வன்னியார் அலைகரை என்பர். கட்டின் உச்சி தட்டையானது. அதன்மேற் பரப்பிய கிறவல்தான் நமது பாதை. ஒரு பக்கம் நீர்; மறு பக்கம் தாழ்வாக வாய்க்காலும் வயலும். எங்கே திரும்பினாலும் பார்வை தடைப்படாது.

இப்படிப்பட்ட பாதைகள் நம் நாட்டிற் குறைவல்ல. பொலன்னறுவையிலே முதலாம் பராக்கிரமபாகு 12 ஆம் நூற்றாண்டில் அமைத்த பராக்கிரம சமுத்திரத்தின் கட்டு ஏறத்தாழ 14 கிலோமீற்றர் நீளமானது. அவசரமின்றி மணிக்கு 12 கிலோமீற்றர் வேகத்தில் மிதித்தால், ஒரு முனையிலிருந்து மறு முனைக்குப் போக ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகம் செல்லும். மன்னாரிலே கட்டுக்கரைக்குளம், கிளிநொச்சியிலே இரணைமடு, முல்லைத்தீவிலே முத்தையன்கட்டு, மட்டக்களப்பிலே உன்னிச்சை என்று பெரிய குளங்களை எண்ணிக்கொண்டு போகலாம். சிறு குளங்களோ ஆயிரக்கணக்கானவை. ஒரு மைலுக்கும் குறைந்த கட்டானாலும், விடியற்காலையில் இருமுறை போய்த் திரும்பினால் தேகத்துக்கும் மனத்துக்கும் அது போதும்.

துவிச்சக்கர வண்டியின் அருமையை நம்மவர்க்கு எடுத்துரைப்பது கொல்லன் தெருவில் ஊசி விற்பது போன்றது. 1990 முதல் யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு எரிபொருள் வராதிருந்த ஆண்டுகளிலே, நோயாளியை ஆசுபத்திரிக்குக் கொண்டுபோனதும், விறகு ஏற்றியதும், பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விட்டதும் சைக்கிள்தான். 2022 இல் நாடு முழுவதும் பெற்றோலுக்கு வரிசையில் நின்றபோது, மூலையிற் சாத்தியிருந்த வண்டிகள் மறுபடியும் வீதிக்கு வந்தன. எண்ணெய் வந்ததும் பல வண்டிகள் மூலைக்கே திரும்பின. அதற்குச் சோம்பல் மாத்திரம் காரணமன்று. பயமும் ஒரு காரணம். அண்மை ஆண்டுகளிலே இலங்கை வீதிகளில் ஆண்டுதோறும் 2,000 பேருக்கு மேல் விபத்துகளில் உயிர் இழந்து வருகிறார்கள். பிரதான வீதியில் மகளைச் சைக்கிளில் அனுப்பத் தாய் அஞ்சுகிறாள். அந்த அச்சத்தை நாம் பழிக்க முடியாது. ஆயின் அதே பிள்ளை குளக்கட்டிலே மிதிக்கும்போது, பின்னால் வருவது என்னவென்று திரும்பித் திரும்பிப் பார்க்க வேண்டியதில்லை. வண்டி ஓடப் பழகும் சிறுவனுக்கும், முழங்கால் நோவுடன் மெல்ல மிதிக்கும் முதியவருக்கும் அது ஏற்ற இடம். ஆனால் அங்கே டிப்பர் வராதிருக்க வேண்டும்.

டிப்பர் ஏன் வரக்கூடாது என்பதற்குச் சைக்கிள்காரரின் வசதியை மாத்திரம் காரணமாகக் காட்டினால், அது தன்னலம் ஆகிவிடும். வேறொரு காரணம் உண்டு. 1986 ஆம் ஆண்டு ஏப்பிரல் 20 ஆந் திகதி அதிகாலை, ஊர் உறங்கிக்கொண்டிருந்த வேளையில், கந்தளாய்க் குளத்தின் கட்டு உடைந்தது. 120 பேருக்கு மேல் மாண்டார்கள். 1,600க்கு மேற்பட்ட வீடுகள் அழிந்தன. ஏறத்தாழ 2,000 ஏக்கர் வயல் பாழாயிற்று. குளக்கோட்டனோடு தமிழ் மரபு சேர்த்துப் பேசும் அப்பழைய குளத்தில் இப்படி நடந்ததற்குச் சொல்லப்பட்ட காரணங்களுள் ஒன்று, மிகுந்த பாரமுள்ள வாகனங்கள் கட்டின்மீது ஓடியமை. அது ஒன்றே காரணமென்று நான் சாதிக்க வரவில்லை. மண்கட்டொன்று உடைவதற்குப் பல காரணங்கள் ஒன்றுகூடுவதுண்டு. ஆனால் அந்தப் பட்டியலில் அதன் பெயரும் இருக்கிறதென்பதை நாம் மறந்துவிடலாகாது.

பாரம் என்ன செய்யும் என்பதற்கு ஒரு கணக்கைச் சொல்கிறேன். 1958 முதல் 1960 வரை அமெரிக்காவின் இலினோய் மாநிலத்திலே ஒரு பெருஞ் சோதனை நடந்தது. சோதனைக்கென்றே வீதிகளைப் போட்டு, பல பாரங்களை ஏற்றிய லொறிகளை அவற்றில் இடைவிடாமல் ஓட்டி, எந்தப் பாரத்துக்கு வீதி எவ்வளவு கெடுகிறதென்று அளந்தார்கள். அச்சொன்றின் பாரம் இரட்டித்தால் வீதிக்கு வரும் கேடு இரட்டிப்பதில்லை; ஏறத்தாழ 16 மடங்காகிறது. பாரம் 10 மடங்கானால் கேடு ஏறத்தாழ 10,000 மடங்கு. தார் வீதிக்கும் கொங்கிறீற்று வீதிக்கும் கண்ட கணக்கு இது. குளக்கட்டுக்கு எழுத்துக்கு எழுத்துப் பொருந்துமென்று நான் சொல்லவில்லை. எனினும் போக்கு விளங்குகிறதல்லவா? ஓர் ஆளும் அவருடைய சைக்கிளும் சேர்ந்து ஏறத்தாழ 80 அல்லது 90 கிலோ. அதுவும் இரண்டு சில்லுகளுக்குப் பிரிகிறது. மணல் ஏற்றிய டிப்பரின் ஓர் அச்சே பல தொன். நூறு சைக்கிள்கள் ஒரு வருஷம் ஓடினாலும், ஒரு டிப்பர் ஒரு மழைநாளில் இட்டுப்போகும் தடத்தை இடமாட்டா.

அந்தத் தடந்தான் தீமையின் தொடக்கம். கட்டின் உச்சியை நடுவிற் சற்று உயர்த்தியும் இரு புறமும் சற்றுச் சரித்தும் அமைப்பது, மழைநீர் நில்லாமல் வடிவதற்காக. பாரமான சில்லு கிறவலை அமுக்கிப் பள்ளம் செய்தால், நீர் அங்கே தங்கும். தங்கிய நீர் மண்ணை இளக்கும். அடுத்த வண்டி அந்தப் பள்ளத்தை ஆழமாக்கும். ஓரிடத்தில் வழிவிட்டால், நீர் வெளிச்சரிவிலே ஓடையறுத்துக்கொண்டு இறங்கும். காலபோக மழை அடர்ந்து, குளம் நிறைந்து, வான் பாய்கின்ற மார்கழியிலே, கட்டுக்கு அதன் முழுப் பலமும் வேண்டிய வேளையிலே, அது அறுபட்டு நிற்கும். 1957 டிசெம்பர்ப் பெருவெள்ளத்தில் அனுராதபுரத்து நாச்சதுவைக் குளம் உடைந்ததை நம் பெரியோர்களிற் சிலர் கேட்டறிந்திருப்பர். வெள்ளத்தை நாம் தடுக்க முடியாது. வெள்ளம் வரும் நாளில் கட்டு பழுதின்றி நிற்கும்படி பார்த்துக்கொள்ள முடியும்.

இனி, கட்டைப் பார்ப்பது யார் என்ற கேள்விக்கு வருகிறேன். முன்னாளிலே குளத்துக்கும் வயலுக்கும் பொறுப்பாக வட்டவிதானையார் இருந்தார். கட்டிலே நடந்து, கசிவும் புற்றும் கண்டு, கமக்காரரைக் கூட்டித் திருத்துவித்தல் அவர் கடமைகளுள் ஒன்று. அந்தப் பதவி 1958 ஆம் ஆண்டின் நெற்காணிச் சட்டத்தோடு மறைந்தது. இப்போது சிறு குளங்கள் கமநல அபிவிருத்தித் திணைக்களத்தின் பொறுப்பிலும், பெரியவை நீர்ப்பாசனத் திணைக்களங்களின் பொறுப்பிலும் உள்ளன. கமக்காரர் அமைப்புகளும் உண்டு. அவர்கள் வேலை செய்யவில்லையென்று நான் குறை கூறவில்லை. ஆனால் ஓர் உத்தியோகத்தருக்குப் பல குளங்கள். அவர் ஒவ்வொரு கிழமையும் ஒவ்வொரு கட்டிலும் நடக்க முடியாது. ஊர்ப் பிள்ளை ஓட முடியும். நான் இளைஞனாயிருந்தபோது வன்னியில் ஒரு குளக்கட்டிலே சைக்கிளில் விரைந்து போனேன். வரம்பில் நின்ற முதிய கமக்காரர் ஒருவர் கூப்பிட்டு, “தம்பி, கட்டில ஓடுறது பிழையில்லை. ஓடேக்க கட்டையும் ஒருக்காப் பாத்து ஓடு” என்றார். “என்னத்தைப் பாக்கிறது ஐயா?” என்றேன். “ஈரத்தைப் பார்” என்றார்.

அந்த இரண்டு சொல்லில் ஒரு சாத்திரமே அடங்கியிருக்கிறதென்பது பின்பு விளங்கிற்று. மழையில்லாத காலத்தில், கட்டின் வயற்பக்கச் சரிவிலே ஓரிடம் மாத்திரம் ஈரமாக இருந்தால், அல்லது சுற்றிலும் புல் காய்ந்திருக்க அங்கே மாத்திரம் பச்சையாக இருந்தால், நீர் உள்ளே வழி தேடுகிறதென்று அறியலாம். மண்கட்டிலே சிறிது கசிவு இயல்புதான். கசியும் நீர் தெளிவாயிருக்கிறதா, கலங்கலாயிருக்கிறதா என்று நோக்க வேண்டும். கலங்கி வந்தால் அது கட்டின் மண்ணையே அரித்துக்கொண்டு வருகிறது என்பது பொருள். அன்றைக்கே அறிவிக்க வேண்டிய சங்கதி அது. கறையான் புற்று, உடும்பும் முள்ளம்பன்றியும் தோண்டிய வளை, கட்டின் மேற் கிளம்பும் மரக்கன்று, நீளவாட்டில் ஓடும் வெடிப்பு, இடம்பெயர்ந்த அலைக்கல் ஆகியவையும் கவனிக்கத் தக்கவை. மோட்டார் வண்டியில் விரைபவருக்கு இவை தெரியமாட்டா. நடப்பவருக்குத் தெரியும்; ஆனால் நீண்ட கட்டை அவர் அடிக்கடி முடிக்க மாட்டார். சைக்கிளிற் செல்பவரோ முழுக் கட்டையும் பார்க்கலாம். வேண்டிய இடத்தில் ஒரு காலை ஊன்றி நிற்கவும் செய்யலாம்.

மோட்டார் வண்டிகளை விலக்கிய பாதை நடைமுறைக்கு ஒவ்வாது என்போர் இருக்கலாம். அவர்களுக்காக ஓர் அயல்நாட்டு உதாரணம் காட்டுகிறேன். இங்கிலாந்தின் வட எல்லையருகே, நொதம்பர்லாந்துப் பகுதியில், வட தைன் ஆற்றை மறித்துக் கட்டிய கீல்டர் நீர்த்தேக்கம் இருக்கிறது. அதன் அணையும் நம்முடைய கட்டுகளைப் போல மண்ணணைதான்; ஒரு கிலோமீற்றருக்குச் சற்று அதிகமான நீளமும் 52 மீற்றர் உயரமும் உடையது. அதை 1982 இல் எலிசபெத் மகாராணியார் திறந்துவைத்தார். வடகிழக்கு இங்கிலாந்தின் உருக்காலைகளுக்கும் பிற தொழில்களுக்கும் நீர் பெருமளவில் வேண்டிவருமென்று எண்ணி அதைக் கட்டினார்கள். அதற்காகப் பண்ணைகளும் வீடுகளும் பழைய இரயில்பாதையின் ஒரு பகுதியும் நீரில் மூழ்கின. பின்பு அத்தொழில்கள் நலிந்தன. எதிர்பார்த்த அளவு நீர் வேண்டிவரவில்லை. ஆனால் ஏரியைச் சுற்றி ஏறத்தாழ 42 கிலோமீற்றருக்கு ஒரு பாதை அமைந்தது. நன்றாக இறுக்கிய சரளைப் பாதை. நடப்போர், சைக்கிளில் செல்வோர், குதிரையில் செல்வோர் ஆகியோருக்கு அது உரியது. மோட்டார் வண்டிகளுக்கு வேறு வீதி உண்டு. சுற்றிலும் காடு, இரவிலே வெளிச்சம் அரிதான அந்தப் பகுதி நட்சத்திரம் பார்ப்பதற்குப் பேர்பெற்றது. அங்கே தூரதேசத்தாரும் வந்து மிதித்துச் செல்கிறார்கள்.

இதை அப்படியே இங்கே செய்யுங்கள் என்று சொல்வதற்காக நான் கீல்டரைக் காட்டவில்லை. ஒன்றை எடுத்துக்கொள்ளலாம், ஒன்றை விட வேண்டும். பாரவண்டிக்கு ஒரு வழி, மனிதருக்கு ஒரு வழி என்று பிரித்தமை எடுத்துக்கொள்ளத் தக்கது. ஏரியை முழுவதும் சுற்றிப் பாதை போட்டமை நமக்கு ஒவ்வாது. அவர்களுடையது சரிவான பள்ளத்தாக்கு. நம்முடையது தட்டையான நிலம். நம் குளத்தின் மேற்கரையிலே, அலைகரையை ஒட்டி, மரமும் புல்லும் நிற்பது வீணாக அன்று. ஓடிவரும் நீரிலுள்ள வண்டலை அவை வடித்து நிறுத்துகின்றன. குளம் தூர்ந்துபோகாமற் காக்கின்றன. ஒன்றன்கீழ் ஒன்றாகக் குளங்களைத் தொடுத்து, இப்படிப்பட்ட மரச்செறிவையும் புல்வெளியையும் ஊரையும் சேர்த்தமைத்த நமது முன்னோரின் முறையை, உலக உணவு விவசாய நிறுவனம் 2017 இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த விவசாய மரபாக ஏற்றுக்கொண்டது. சுற்றுப்பாதை என்ற ஆசையால் அலைகரையை வெட்டிக் கிறவல் போட்டால், குளத்தைக் காக்கப் புறப்பட்டவர்களே அதைக் கெடுத்தவர்களாவோம். கட்டின்மேற் போய்க் கட்டின்மேலே திரும்புவோம். வேண்டுமானால் வாய்க்கால் வீதியால் திரும்புவோம். முழு வட்டம் வரவில்லையே என்று ஒருவரும் வருந்த வேண்டாம்.

கமக்காரரின் மறுப்பு ஒன்று உண்டு, அது நியாயமானது. “அறுவடை நெல்லை ஏற்றி வருவதற்குக் கட்டைத் தவிர எங்களுக்கு வேறு வழியில்லை. சைக்கிளோடுகிறவர்களின் பொழுதுபோக்குக்காக உழவு இயந்திரத்தை மறிப்பதா?” என்று அவர்கள் கேட்பார்கள். மறிக்கக் கூடாது. வயலுக்காகத்தான் குளம், வயற்காரரை மறிக்கும் எந்த ஒழுங்கும் நிலைக்காது. கட்டின் கீழே செல்லும் வாய்க்கால் வீதியைத் திருத்தித் தருமாறு அவர்களோடு சேர்ந்து நாமும் கேட்க வேண்டும். அது திருந்தியபின் கட்டின் இரு முனையிலும், சைக்கிள் நுழையவும் லொறி நுழையாதிருக்கவும் தக்கதாகக் கட்டைகள் நாட்டலாம். திணைக்களத்தார் திருத்த வேலைக்கு வரும்போது கழற்றக்கூடிய கட்டைகளாக அவை இருத்தல் வேண்டும். அதுவரையில் மழை பெய்த நாள்களில் மாத்திரமாவது பாரவண்டி ஏறாதிருக்கக் கமக்காரர் அமைப்பு ஒரு கட்டுப்பாடு வைத்துக்கொள்ளலாம். மணல் ஏற்றுகிறவர்களுடைய சங்கதி வேறு. அவர்களுக்குக் கட்டின்மேல் எந்த உரிமையும் இல்லை.

பெரியோர்களிற் சிலர், “காலையிற் படிக்க வேண்டிய பிள்ளைகள் குளத்தங்கரையிற் சுற்றுவதா?” என்று எண்ணக்கூடும். ஐயன்மீர், பிள்ளைகள் சுற்றாமல் இருக்கப்போவதில்லை. சந்தியில் நிற்பதும், கைத்தொலைபேசியைக் குனிந்து பார்த்துக்கொண்டிருப்பதும் சுற்றல்தான். ஒரு மணி நேரம் வியர்க்க மிதித்து, ஒரு பொதுக் காரியமும் பார்த்து வருபவன் வீட்டுக்கு வந்து புத்தகத்தை விரிக்கும்போது மனம் அடங்கியிருக்கும். வன்னியிலே குளக்கட்டருகில் ஐயனாரை வைத்து வழிபடுவது பழைய வழக்கம். கட்டைக் காப்பவர் அவரென்பது நம்பிக்கை. அவருக்குப் பொங்கலிட்டுவிட்டுக் கட்டைக் கவனியாமல் விடுவது வழிபாடாகாது.

இளைஞர்களுக்குச் சில நடைமுறைக் குறிப்புகள் சொல்கிறேன். கிறவலில் ஓடும்போது சில்லுக்குக் காற்றை மிகவும் இறுக்க வேண்டாம். சற்றுத் தளர்ந்த, அகன்ற சில்லு கல்லின்மேற் குதிக்காது. உதிரிக் கல்லில் முன் பிறேக்கைத் திடீரென்று பிடித்தால் சறுக்கும். பின் பிறேக்கை முதலிற் பிடியுங்கள். வைகாசி முதல் ஆவணி வரை சோளகக்காற்று கட்டின்மேல் மறைப்பின்றி வீசும். போகும்போது காற்றுக்கு எதிராகப் போனால், களைத்துத் திரும்பும்போது காற்று உதவும். நடப்பவருக்கு மணியடித்து வழி விடுங்கள்; மாடுகளுக்கு மணியடிக்காமல் நின்று வழி விடுங்கள். யானை நடமாடும் பகுதியில் நன்றாக விடிந்தபின் புறப்பட்டு, வெயில் சாயுமுன் திரும்புங்கள். ஊரார் வேண்டாமென்றால் போகவே வேண்டாம். முதலையுள்ள குளத்தில் முகங் கழுவ இறங்காதீர்கள். போர் நடந்த பகுதிகளில் கண்ணிவெடிப் பலகை நிற்கும் இடத்தில், அல்லது துப்புரவு செய்தார்களோ என்ற ஐயமுள்ள இடத்தில், பாதையை விட்டு ஓரடியும் விலகாதீர்கள். கொண்டுபோன போத்தலையும் பொலித்தீன் பையையும் திரும்பக் கொண்டுவாருங்கள். துருசில் அடைபடும் குப்பையை எடுக்க இறங்குபவன் ஓர் ஏழைத் தொழிலாளி.

முடிவாக, சங்கத்தின் முன் ஒரு வேண்டுகோளை வைக்கிறேன். அடுத்த காலபோகம் தொடங்குமுன், மாதம் ஒரு ஞாயிறு காலை, நம் இளைஞர்கள் ஐவர் ஐவராகச் சேர்ந்து ஒரு குளக்கட்டில் மிதித்து வரட்டும். கையில் ஒரு கொப்பி இருக்கட்டும். கட்டு தொடங்கும் இடத்திலிருந்து எத்தனையாவது மின்கம்பத்தருகில், அல்லது எந்த மருத மரத்துக்கு நேரே, என்ன பழுது கண்டார்களென்று திகதியோடு எழுதட்டும். அதன் ஒரு பிரதியைக் கமக்காரர் அமைப்புக்கும், மற்றொன்றைப் பொறுப்பான திணைக்களத்துக்கும் கொடுக்கட்டும். குற்றஞ்சாட்டி எழுத வேண்டாம். கண்டதை மாத்திரம் எழுதினாற் போதும். ஒரு வருஷம் இப்படி நடந்தால், அந்தக் கொப்பியே அக்குளத்தின் சரித்திரமாகும். கட்டிற் பாரவண்டி ஓடலாமா என்று நாளை ஒரு கூட்டத்தில் வழக்கு எழுந்தால், வாய்ப்பேச்சுக்குப் பதிலாக எழுத்து இருக்கும்.

இதற்குப் பெரும் பணம் வேண்டியதில்லை. பழைய சைக்கிள் ஒன்று, அதற்கு நல்ல பிறேக்கு, ஒரு கொப்பி, ஒரு பென்சில். முதலாவது குளத்தையும் முதலாவது ஞாயிறையும் இன்றைய கூட்டம் கலையுமுன்னர் செயலாளர் குறித்துக்கொள்வாராக. பெயர் கொடுக்க விரும்பும் இளைஞர்கள் அவரிடம் கொடுக்கலாம். கூட வர விரும்பும் பெரியோர்களையும் நாங்கள் விலக்கப்போவதில்லை. அவர்களுக்காக மெல்ல மிதிப்போம்.